மேலிருந்து பார்த்த நான்கெல்லை

உத்தமபாளையத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். கிழக்கே இன்னார் தோட்டம், மேற்கே வாய்க்கால், வடக்கே இன்னார் புஞ்சை, தெற்கே வண்டிப்பாதை, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட நிலம் என்று நான் எழுதிக் கொடுத்ததை எல்லாம் சேர்த்தால் பள்ளத்தாக்கில் ஒரு சின்னத் தாலுகாவே வரும். அதில் நூற்றுக்கு ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று யாரும் சொன்னதும் இல்லை. பத்திரம் எழுத வரும் கட்சிக்காரர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொல்வார், துண்டுத் தாளில் கோடு போட்டுக் காட்டுவார், நான் எழுதுவேன். என் எழுத்தில் பிழை இருக்காது என்று ஊர் சொல்லும். ஊர் சொல்ல மறந்த நாளில் நானே சொல்லிக்கொள்வேன்.

ட்ரோன் ஆசை வந்தது நாற்பத்தெட்டாவது வயதில், சின்னமனூரில் ஒரு கல்யாண மண்டப வாசலில். படம் எடுக்க வந்தவர் அதை மேலே ஏற்றியதும், மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் கூட்டமே அண்ணாந்து பார்த்தது. நான் அண்ணாந்து பார்க்கவில்லை. அவர் கையில் இருந்த திரையை எட்டிப் பார்த்தேன். மண்டபம், அதன் பின்னால் தென்னந்தோப்பு, தோப்பை ஒட்டி வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வயல். நான் காலம் பூராவும் எழுதிக்கொண்டிருந்த நான்கெல்லை ஒரு எழுத்துகூட இல்லாமல் திரையில் படுத்துக் கிடந்தது. அன்றைக்குப் பந்தியில் என்ன சாப்பிட்டேன் என்பது இன்றுவரை நினைவில் இல்லை.

வீட்டில் சொன்னேன். "ஊரு நெலத்தையெல்லாம் எழுதி முடிச்சிட்டீக, இனி வானத்தையும் எழுதப் போறீகளா?" என்று மனைவி கேட்டாள். ஆனால் பெட்டி வந்த அன்று முதலில் பிரித்தது அவள்தான். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். கால் கிலோவுக்கும் குறைவான சின்ன ட்ரோன்.

"ரெண்டு கத்தரிக்காய் கனங்கூட இல்ல. இதுவா ஆடிக் காத்துல நிக்கும்?"

கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. ட்ரோனை அவள் கையிலிருந்து வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று அரசாங்கம் பச்சை, மஞ்சள், சிவப்பு போட்டு ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. விதி என்றால் எனக்கு வெல்லம். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிவரியாகப் படித்தேன். அணைப் பக்கமும் காட்டுக்குள்ளும் போவதில்லை, கோயில் கூட்டத்துக்கு மேலே பறப்பதில்லை, அடுத்தவர் வீட்டு மாடியை எட்டிப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுமந்தன்பட்டிக்குப் போனோம். அங்கே தெரிந்தவர் ஒருவரின் வயல் அறுத்துக் கிடந்தது. மனைவிதான் என் கண்காணிப்பாளர். நான் திரையைப் பார்க்கும்போது அவள் வானத்தைப் பார்க்க வேண்டும், கம்பியோ பருந்தோ தெரிந்தால் சத்தம் போட வேண்டும் என்று ஏற்பாடு.

மேலே ஏற்றுவதற்கு முன்னால் இயந்திரம் ஒரு வேலை வைத்தது. அதன் திசைகாட்டியைச் சரிசெய்ய வேண்டுமாம். ட்ரோனைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நாமே ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். பிறகு அதைச் செங்குத்தாகப் பிடித்து மறுபடியும் ஒரு சுற்று. நட்ட நடு வயலில் வேட்டியோடு நான் சுற்றுவதைப் பார்த்து, ரோட்டில் போன டிராக்டர்காரர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"என்னய்யா, வேண்டுதலா?"

"மிசினுக்குத் திக்குத் தெரியலையாம். வடக்கு தெக்கு சொல்லிக் குடுக்குறாக" என்று மனைவி எனக்காகப் பதில் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே கிளம்பினார். எனக்கும் சிரிப்புத்தான். திசை சொல்லிக் கொடுப்பதற்கு இந்த வட்டாரத்தில் என்னைவிடத் தகுதியான ஆள் உண்டா என்று நினைத்துக்கொண்டேன்.

இடதுகைக் குச்சி ஏற்றி இறக்கித் திருப்பும், வலதுகைக் குச்சி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓட்டும். அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது. பிடிபடாதது ஒன்றுதான். ட்ரோன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்வரை எல்லாம் சரியாக இருக்கும். முகத்தை நம் பக்கம் திருப்பிவிட்டால் நம்முடைய இடது அதற்கு வலது. தென்னை மரத்தைவிட்டு விலக்குவதாக நினைத்து நான் குச்சியைத் தள்ள, அது நேராக மரத்தைப் பார்த்தே போனது. பதறி எதிர்ப்பக்கம் இழுத்தேன், இழுத்த வேகத்தில் வைக்கோல்போரில் போய்ச் செருகிக்கொண்டது. இறக்கை ஒன்று உடைந்தது. பெட்டியில் மாற்று இறக்கை வைத்து அனுப்பியவர் யாரோ, என்னைப் போன்றவர்களை நன்றாகவே அறிந்திருக்கிறார். இடம் வலம் தெரியாமல் போனதை அன்றைக்கு ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆனி பிறந்ததும் காற்று தொடங்கியது. எங்கள் பள்ளத்தாக்கில் காற்று மேற்கு மலையைத் தாண்டி இறங்கி வரும், வந்தால் ஆவணிவரை ஓயாது. மனைவியின் கத்தரிக்காய்க் கேள்விக்குப் பதில் சொல்ல இதுதான் சமயம் என்று குச்சனூர்ப் பக்கம் ஆற்றோரம் போய் ஏற்றினேன். கிழக்கே விட்டேன், சிட்டாகப் பறந்தது. பச்சை நாற்றங்காலும் தண்ணீர் கட்டிய வயலும் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வர, நான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பலாம் என்று இழுத்தபோது வரவில்லை. குச்சியை முழுதாகத் தள்ளியும் நின்ற இடத்திலேயே நின்று நடுங்கியது. பேட்டரி சிவப்பைத் தொட்டது. கீழே கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் நின்ற வயல்.

"கீழ எறக்குங்க" என்றாள் மனைவி.

"எறக்குனா தண்ணிக்குள்ள போயிரும்."

"முழுசா எறக்கச் சொல்லல. நாத்து அசையவே இல்ல, பாருங்க. காத்து மேலதான் அடிக்குது."

நாற்றைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. தென்னை உயரத்துக்கும் கீழே இறக்கியதும் ட்ரோன் மெல்ல மெல்ல நகர்ந்தது. வரப்பு வரப்பாகக் கடந்து கடைசித் துளிச் சார்ஜில் என் காலடியில் வந்து விழுந்தது. போகும்போது எதிர்காற்றில் போய்விட வேண்டும், வரும்போது காற்று தானே தள்ளிக்கொண்டு வரும் என்பது அன்று படித்த பாடம். தாழ்த்திக் கொண்டுவந்த யோசனை என்னுடையது என்றுதான் ரொம்ப நாள் வெளியே சொல்லித் திரிந்தேன்.

அதற்குப் பிறகு கை நன்றாகவே பழகிவிட்டது. உச்சி வெயிலில் எடுத்தால் வயல் வெளுத்த துணி மாதிரி இருக்கும், சாய்ந்த வெயிலில்தான் வரப்பும் வாய்க்காலும் எழுந்து நிற்கும் என்று கண்டுகொண்டேன். படத்துக்கு உயிர் கொடுப்பது நிழல். எங்கள் பள்ளத்தாக்குக்கு இரண்டு பக்கமும் மலை இருப்பதால் ஒரு வசதி உண்டு. காலை வெயில் மேற்கு மலையில் விழும், மாலை வெயில் கிழக்கு மலையில் விழும். காலையில் நான் பிறந்த கோம்பைப் பக்கம் போவேன், மாலையில் ஆற்றைத் தாண்டி இராயப்பன்பட்டிப் பக்கம். அந்தக் கிழக்கு அடிவாரத்தில், காட்டு எல்லைக்கு இப்பாலே திராட்சைத் தோட்டங்கள். மேலிருந்து பார்த்தால் பந்தல்கள் பச்சைப் பாய் விரித்த மாதிரி இருக்கும், நடுவே மண்பாதைகள் வெள்ளையாக ஓடும்.

அங்கே ஒரு மாலையில் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு, ஆபீசில் என் நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் மாட்டினேன். பத்திரம் எழுத வந்தவர்கள் எல்லாம் படத்தின் முன்னால் நின்று, தங்கள் தோட்டத்தையும் சம்பந்தி தோட்டத்தையும் தேடினார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நாளைக்கு மூன்று முறையாவது, "இது நம்ம எடுத்தது" என்று யாரிடமாவது சொல்லிவிடுவேன்.

கார்த்திகை பிறந்த சமயம் ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் மஞ்சள் பை, பைக்குள் பத்திரம். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவருடைய கணவரும் கணவரின் அண்ணனும் தோட்டத்தைப் பாகம் பிரித்தபோது நான் எழுதியது. கணவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அந்த அம்மாவே திராட்சை வைத்துப் பார்த்து வருகிறார். அவருடைய பாகம் உள்ளே தள்ளி இருக்கிறது, ரோட்டிலிருந்து மூத்தாரின், அதாவது கணவரின் அண்ணனின், பாகத்தைத் தாண்டித்தான் போக முடியும். அதற்காகக் குடும்பத்துக்குள் விட்ட பாதை ஒன்று உண்டு. சர்வே வரைபடத்தில் அது கிடையாது, என் பத்திரத்தில் மட்டும்தான் இருக்கிறது.

"மூத்தாரு சொட்டுநீருக்கு மனுப் போடப் பத்திரத்த எடுத்துப் படிச்சாக. அதுல பாத மேக்க இருக்குன்னு எழுதியிருக்காம். நாங்க இத்தன வருசமா கெழக்கதான் போறோம் வாறோம். இப்ப கெழக்க கல்லு ஊனிட்டாக. எழுதுன பக்கம் போயிக்கோன்றாக. மேக்க வாய்க்கா இருக்குண்ணே, ஆளு நடக்கவே எடமில்ல, டெம்போ எங்கன போகும்? பழம் வெட்ட இன்னும் பத்து நாள்தான் இருக்கு."

குரலில் அழுகை இல்லை. கோபம் இருந்தது. மூத்தாரே அப்போது யாரையோ சரிக்கட்டி அப்படி எழுத வைத்துவிட்டார் என்பது அவருடைய சந்தேகம். அந்த 'யாரையோ' நான்தான் என்பது எனக்குப் புரிந்தது. சுருக்கென்றது.

"இங்கன பாரும்மா," என்றேன், மரியாதையை விடாமல், ஆனால் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து. "ரெண்டு பேரும் சொன்னதத்தான் எழுதினேன். வாசிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன். எம் பத்திரத்துல திக்கு மாறாது."

அவர் பையை மடித்துக்கொண்டு எழுந்து, சுவரைப் பார்த்து நின்றார். படத்துக்குப் பக்கத்தில் போனார். "இது எங்க தோட்டம்ல?" என்று ஓர் இடத்தில் விரலை வைத்தார். நீலத் தண்ணீர்த் தொட்டி, அதை ஒட்டி மோட்டார் அறை. விரல் அங்கிருந்து நகர்ந்து, பந்தலின் ஓரமாக, மலைப்பக்கம் ஓடிய வெள்ளைக் கோட்டின் மேல் நின்றது. "இந்தா, இதான் எங்க பாத."

"அதான் நானும் சொல்றேன். மலைப்பக்கம், மேற்கு" என்று என் வாய் சொல்லிவிட்டது.

சொன்ன பிறகுதான் கண் படத்தில் விழுந்தது. தோட்டத்தின் தென்னைகள் எல்லாம் நிழலை மலையைப் பார்த்து நீட்டியிருந்தன. மாலையில் நானே எடுத்த படம். சூரியன் அன்றைக்கு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மாலை நிழல் மேற்கே விழாது.

"நாளன்னைக்கு வாங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் போனதும் பரணிலிருந்து பழைய தாள்கட்டு ஒன்றை இறக்கினேன். தாள்களையும் குறிப்புகளையும் தூக்கிப் போடாத பழக்கம் எனக்கு. அந்த அம்மாவின் கணவர் அன்று கோடு போட்டுக் கொடுத்த தாள் இருந்தது, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம். வளைந்து வளைந்து மலை. மலையை ஒட்டிப் பாதை. அதற்கு எதிர்ப்பக்கம் வாய்க்கால். அவர் திசை எதுவும் குறிக்கவில்லை. மலைக்கு மேலே 'மே' என்றும் வாய்க்காலுக்குக் கீழே 'கி' என்றும் சிவப்பு மையில் குறித்தது என் கை. அவர்கள் என்ன சொன்னார்களோ அதை எழுதியவன் என்று இத்தனை நேரம் பேசினேனே, அது பொய்.

நான் கோம்பைக்காரன். எங்கள் ஊரில் மலை என்றால் மேற்கு. சூரியன் அதன் பின்னால்தான் விழும். மலைக்குக் கிழக்கே பிறந்து வளர்ந்தவனுக்கு, மலைக்கு மேற்கேயும் தோட்டம் இருக்கும் என்று மேசை முன்னால் தோன்றவில்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும் பாதை கால் அறிந்த பாதை. நான் வாசித்துக் காட்டியபோது, எழுத்துக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டியிருப்பார்கள். வெட்கமாக இருந்தது. அதைவிட, இது யாருக்கும் தெரியாது, இந்தத் தாளைக் கிழித்துப் போட்டால் தெரியவும் தெரியாது என்று ஒரு நினைப்பு ஓடியதே, அதுதான் அதிகம் வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மிசினுக்குத் திக்கு சரியில்லன்னா அதத் தூக்கிக்கிட்டு வயல்ல சுத்துறீக. நமக்கும் ஒரு தடவ சுத்திட்டா ஆச்சு. காலைல கெளம்புங்க, நானும் வாறேன்."

மறுநாள் காலை தோட்டத்துக்குப் போனோம். இரண்டு பாகக்காரர்களுக்கும் போனில் முன்பே சொல்லியிருந்ததால் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். இருபது அடி தள்ளி, ஊன்றிய கற்களுக்குப் பக்கத்தில் மூத்தார் நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் பத்திர நகல். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ட்ரோனை ஏற்றலாமா என்று இருவரிடமும் கேட்டுக்கொண்டு ஏற்றினேன். காற்று அடங்கிய காலை. நேர் மேலே கொண்டுபோய்க் கேமராவைக் கீழே பார்க்க வைத்து, திரையை மூத்தாரிடம் நீட்டினேன். மலை, மலையை ஒட்டிப் பாதை, பாதையை மறித்துப் புள்ளி வைத்தது போல் கற்கள். எதிர்ப்பக்கம் வாய்க்கால்.

"படம் எனக்கெதுக்கு? எந்தோட்டம் எனக்குத் தெரியாதா?" என்றார். "எழுத்துன்னா எழுத்துதான். மேக்கன்னு எழுதுனது நீருதானே?"

"நான்தான் எழுதினேன்" என்றேன். "தப்பா எழுதினேன்."

காலண்டர் தாளைக் கொடுத்தேன். "இது ஒங்க தம்பி போட்ட கோடு. இந்தச் செவப்பு மை என்னோடது. தோட்டத்த நான் வந்து பாக்கல. எங்க ஊரு மலைய நெனச்சு எழுதிட்டேன்."

அவர் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், என் சட்டையைப் பிடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் வந்திருந்தேன். அவர் தம்பியின் கோட்டை விரலால் தடவினார்.

"அப்ப எந்தம்பி எழுதச் சொல்லலையா? கெழக்க நடந்துக்கிட்டே மேக்கயும் எனக்குத் தெரியாம எழுதி வாங்கிட்டான்னுல்ல நெனச்சேன். செத்தவன் மேலயில்ல இந்த ஒரு மாசமா ஆத்திரப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தன் சந்தேகத்தை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. மூத்தார் குனிந்து முதல் கல்லை அசைத்தார். வரவில்லை. என் மனைவி தோட்டத்துக்குள் போய்க் கடப்பாரை எடுத்து வந்து கொடுத்தாள். அன்றைக்கே பாதை திறந்துவிட்டது.

கல்லை எடுத்தால் போதாது, எழுத்தையும் எடுக்க வேண்டும். பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும் என்று சொன்னேன், இருவரும் சரி என்றார்கள். பழம் வெட்டி டெம்போ போன மறுவாரம் ஆபீசுக்கு வந்தார்கள், ஒரே ஆட்டோவில்.

இந்த வகைப் பத்திரத்தில் பிழை எப்படி நேர்ந்தது என்று ஒரு வரி வரும். 'கவனக்குறைவால் தவறுதலாக எழுதப்பட்டுவிட்டது' என்பது எங்கள் தொழிலின் மாறாத வாசகம். யாருடைய கவனக்குறைவு என்று அதில் இருக்காது. அடுத்தவர்களுக்காக எத்தனையோ தடவை அதை எழுதியிருக்கிறேன். கை அதையேதான் அடித்தது. அழித்தேன். வேறு வாசகம் அடித்து, இருவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

"கிழக்கு என்று இருக்க வேண்டிய இடத்தில், பத்திரம் எழுதியவர் நிலத்தைப் பாராமல் மேற்கு என்று எழுதிவிட்டார்."

அந்த அம்மா பதறினார். "அண்ணே, இது எல்லாக் காலத்துக்கும் நிக்குமே. ஒங்க பேரு கெட்டுப் போகும்ல?"

"நிக்கட்டும்மா" என்றேன்.

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் 'எழுதியவர்' என்ற இடத்தில் நான் வழக்கமாகச் சின்னதாகக் கிறுக்குவேன். அன்றைக்கு என் பெயரை முழுதாக, யாரும் படிக்கும்படி எழுதினேன்.